கரியர் அளவில் ஒரு லாச்சி

என் பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டாமல்தான் கொடுத்து விடுகிறேன். கிளாலிக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யார் யார் பிரித்துப் பார்ப்பார்களோ தெரியாது. ஒட்டினால் கிழிப்பார்கள். கிழிந்த கடிதத்தைவிடத் திறந்த கடிதம் உன் கைக்கு வருவது நல்லது. ஆகவே வழியில் இதை வாசிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இதில் மறைவாக ஒன்றுமில்லை. ஒரு தாய், தான் மேசைக்கு ஓர் இழுப்பு லாச்சி செய்த கதையைத் தன் மகனுக்கு எழுதுகிறாள். வாசித்துவிட்டு இருந்த மாதிரியே மடித்து வைத்துவிடுங்கள்.

தம்பி, நீ கேட்டது ஒரேயொரு கேள்வி. கனடாவுக்கு உன் பயணம் சரிவந்துவிட்டது. அதற்கு முன் நானும் மாமியும் கொழும்புக்கு வந்துவிட வேண்டும். வெள்ளவத்தையில் நீ இருக்கிற அறையை எங்களுக்கே விட்டுத்தர வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். அப்பாவின் பட்டறைச் சாமான்களை வந்த விலைக்குக் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவும் எழுதிவிட்டு, "ஓமோ இல்லையோ எண்டு மட்டும் எழுதுங்கோ அம்மா" என்று முடித்திருந்தாய். அதற்கு ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லை எழுதத்தான் உட்காருகிறேன். உட்கார்ந்த கையோடு எழும்பிக் கிணற்றடிக்குப் போகிறேன், என்னத்துக்கு வந்தேன் என்பது மறந்து திரும்பி வருகிறேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். கரும்பலகையில் பாதிச் சமன்பாடு எழுதிவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், பின்வாங்கில் இருக்கிற பிள்ளைகள் மீதியைச் சொல்லித் தருகிறார்கள்.

உன் கடிதத்தில் இன்னுமொரு வரி இருந்தது. "வந்த நாளிலையிருந்து சூட்கேசைத் திறந்து அடுக்கேல்லை அம்மா. மேலாலை கிடக்கிற ரெண்டு சேட்டைத்தான் மாறி மாறிப் போடுறன். அறிவிச்சால் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்." நீ அதைப் பெருமையோடு எழுதியிருந்தாய். நான் வாசிக்க, கேட்டுக்கொண்டிருந்த மாமி, "கெட்டிக்காரன், அண்ணையைப் போலை" என்று தன் தமையனை, உன் அப்பாவை, நினைத்துச் சொன்னார். நான் மட்டும் அந்த வரியைத் திரும்ப ஒருமுறை வாசித்தேன். ஏனென்றால் அந்தக் கிழமைதான் நான் லாச்சியைச் செய்து முடித்திருந்தேன். அதுவும் உன் சூட்கேஸ் மாதிரியானதுதான்.

அப்பாவின் பட்டறை மேசை உனக்குத் தெரியும். தெல்லிப்பழையை விட்டு இணுவிலுக்கு வந்து, இந்த வளவில் கிடுகுக் கொட்டில் போட்ட கையோடு, குண்டுக்குப் பதுங்கிற பங்கருக்கு வெட்டின பனையில் மிஞ்சியதைக் கொண்டு அவர் அடித்த மேசை. அதன் கீழே, கால்களுக்கு நடுவில், ஒரு லாச்சிக்கென்று இடம் விட்டு, அது ஓடுவதற்கு இரண்டு பக்கமும் சட்டமும் பூட்டி வைத்திருந்தார். லாச்சி மட்டும் வரவில்லை. "நல்ல பலகை கிடைக்கட்டும்" என்று இருந்தார். பலகை கிடைக்கவில்லை, நெஞ்சு நோவு முந்திக்கொண்டது. அதனால் சாமான்கள் எல்லாம் பால்மா ரின்களுக்குள்ளேயே கிடந்தன. வால்வுச் சுருள், வாசர், ஊசி, மண்ணெண்ணெய் புகைந்து கறுத்த ஜெற். கடையில் இல்லாத, இனி வராத சாமான்கள். ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு செத்த நீரிறைக்கும் மிசினின் வயிற்றிலிருந்து அவர் கழற்றி எடுத்தது. அவருக்குக் கண் மங்கத் தொடங்கிய பிறகு சின்னச் சாமான்களைப் பூட்டியது நான்தான் என்பதும் உனக்குத் தெரியும். "ஆய்வுகூடத்திலை பிப்பெற் பிடிச்ச கை, நடுங்காது" என்று வருகிறவர்களுக்கு என்னைக் காட்டிச் சொல்லுவார். அவர் போன பிறகு, பள்ளிக்கூடம் விட்டு வந்து நானே கொட்டிலைத் திறந்தபோது ஊரில் யாரும் அதிசயப்படவில்லை. தோட்டம் இறைக்க வேண்டும். மிசினைத் திருத்துவது ஆணா பெண்ணா என்று புகையிலைக் கன்று பார்க்காது.

ஆனால் நீ போன பிறகு நான் கொட்டிலில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பொழுது படுவதற்குள் திருத்திக் கொடுக்கக்கூடிய மிசினை மட்டும் வாங்குவது. எண்ணெய் போகிற ஜெற் அடைப்பா, துப்பரவாக்கித் தருவேன். வாசர் போய்விட்டதா, தோல் வெட்டிப் போட்டுத் தருவேன். எஞ்சினைப் பிரிக்கிற வேலை என்றால், "வேறை இடம் பாருங்கோ அண்ணை" என்பேன். உன்னிடமிருந்து கடிதம் வந்தால் வெளிக்கிட வேண்டியிருக்குமே, பிறர் பொருள் என் கையில் பிரிந்து கிடக்கக்கூடாதே என்ற எண்ணம். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. ஒழுங்கைக்குப் பின்னால் புகையிலை வைத்திருக்கிற நல்லையா அண்ணைக்கு மட்டும் மணந்துவிட்டது. அவருடைய மிசின் நீலப்புகை கக்குகிறது, தண்ணீர் பாதி வாய்க்காலைத் தாண்டமாட்டேன் என்கிறது. பிஸ்டன் வளையம் மாற்றி, வால்வு தேய்த்து எடுக்க வேண்டிய கேஸ். நான் ஒவ்வொரு முறையும் ஜெற்றைத் துடைத்துக் கொடுத்து அனுப்புவேன்.

"ரீச்சர், நீங்கள் மிசினுக்கு முகம் கழுவி விடுறியள். வருத்தம் வயித்துக்கை" என்றார் ஒருநாள்.

"வயித்தைத் திறந்தால் மூட நாள் செல்லும் அண்ணை."

"செல்லட்டுமன். அதுமட்டும் நான் துலாவிலை இறைப்பன். நீங்கள் எங்கையும் ஓடப்போறியளே?"

நான் ஜெற்றை ஊதிக்கொண்டே இருந்தேன். அவர் மிசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

அன்றுதான், அவர் சைக்கிள் தட்டி ஒரு ரின் சரிந்து, சாமான்கள் எல்லாம் மணலுக்குள் போயின. நானும் மாமியும் அரிதட்டு வைத்து மணலை அரித்தோம். அரிதட்டில் தங்கியது பாதி. மாமி அரிசி அரித்த கையால் ஒரு சுருளை எடுத்துத் தூக்கிப் பார்த்து, "உதுக்குத்தானே அண்ணை வீட்டை விட்டிட்டு வரேக்கை அழுதவர்" என்றார். உண்மை. தெல்லிப்பழையிலிருந்து வெளிக்கிட்ட அன்று நீ லாண்ட்மாஸ்ரர் உழவு மிசின் பெட்டியில் ஏறி நின்று இடுக்கியையும் சாக்கு மூட்டையையும் வாங்கி அடுக்கினாய். அங்கே அவர் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்த அலுமாரியில் எத்தனை லாச்சி இருந்தது, ஒவ்வொன்றும் இரும்பால் நிறைந்து, இரண்டு ஆள் தூக்க முடியாத பாரம். ஒன்றை இழுத்துப் பார்த்தார், கை இறங்கிவிட்டது. விட்டுவிட்டு, கோபத்தில், வாசல் அறைக் கதவைப் பிணைச்சல் இரும்போடு கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். "கதவைத் தூக்கிற ஆள் லாச்சியைத் தூக்கக்கூடாதே?" என்று நான் கேட்டேன். "கதவைத் தனிய ஒருத்தன் தூக்கலாம். லாச்சிக்கு ரெண்டாவது ஆள் வேணும், நீர் பூனையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்" என்றார். இங்கே வந்த பிறகு வீட்டைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. சுருள்களைப் பற்றித்தான் கதைப்பார்.

அதற்கும் முந்தி, எண்பத்து மூன்றுக் கலவரத்தில், கொழும்பில் வேலை செய்த கராஜிலிருந்து ஓடினபோது அவர் கையில் ஒரு ஸ்பானர் இருந்தது. பூட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டு ஓடியவர், அகதி முகாமில் போய் உட்கார்ந்த பிறகுதான் கையைப் பார்த்தாராம். கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினதும், நீ போய்க் காலைக் கட்டிக்கொண்டு, "எனக்கு என்ன கொண்டு வந்தனீங்கள் அப்பா?" என்று கேட்டாய். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் ஸ்பானரை எடுத்து நீட்டினார். நீ அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாய். இப்போதும் இங்கே ஆணியில் தொங்குகிறது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் லாச்சி செய்யத் துணிந்தேன். ஓடுகிற நேரம் முழுதாக இழுத்துத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய லாச்சி. அதற்கு முன்பக்கம் ஒரு பிடி, பின்பக்கம் ஒரு பிடி. தூக்கிச் சைக்கிள் கரியரில் வைத்தால் அட்சரம் பிசகாமல் உட்கார வேண்டும், ரியூப் வாரால் கட்டினால் அசையக்கூடாது. அப்படித் திட்டம் போட்டேன். பலகைக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கிற வாங்கொன்று ஷெல் பட்டு உடைந்து மழையில் கிடந்தது, அதிபரிடம் கேட்டு இரண்டு துண்டு எடுத்தேன், மாமரப் பலகை. அடிக்குத் தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகை. உள்ளே தடுப்புக்குக் கூரையில் மிஞ்சிய றீப்பைச் சட்டம். ஆணி புதிது ஏது, மாமி வாசலில் கல்லை வைத்துக்கொண்டு பழைய ஆணிகளைத் தட்டி நிமிர்த்தினார். சீவுளி இல்லாதபடியால் இரும்பு அராவுகிற அரத்தால்தான் மரத்தை அராவினேன். மரத்துக்கு அது நோயாளிக்கு மண்வெட்டியால் ஊசி போட்ட மாதிரி. ஆனாலும் அந்தப் பின்னேரங்களில் மட்டும் என் மனம் ஓரிடத்தில் நின்றது என்பதைச் சொல்ல வேண்டும்.

அளவெடுத்தது கயிற்றால். கயிற்றைக் கரியரின் குறுக்கே பிடித்து முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சுக்குப் பலகையை அறுத்தேன். அடித்தேன். மூலை பார்த்தேன். தூக்கிக் கரியரில் வைத்தேன், கடவுள் செய்து கொடுத்தது போல உட்கார்ந்தது. அதன் பிறகுதான் மேசைக்குக் கொண்டுபோய்த் தள்ளினேன்.

இரண்டு பக்கமும் ஒரு விரல் உள்ளே போகிற இடைவெளி. அந்தக் கயிற்றை நான் மேசைக்கு ஒரு தரமேனும் பிடித்துப் பார்க்கவில்லை. "அளக்கிறதுக்கு முன்னம் என்னத்துக்கு அளக்கிறம் எண்டு எழுதுங்கோ" என்று ஆய்வுகூடத்தில் பிள்ளைகளின் தலையில் குட்டுகிறவள் நான்.

நல்லையா அண்ணை வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முன்னுக்கு ஒரு பிடி, பின்னுக்கு ஒரு பிடி. "ரீச்சர், உது லாச்சியோ, இல்லாட்டிப் பாடையோ?" என்றார். மாமி உள்ளேயிருந்து, "நாக்கிலை சனியனை வைச்சுக்கொண்டு திரியாதையுங்கோ அண்ணை" என்று சத்தம் போட்டார். "ஏன் பிள்ளை, தூக்கிறதுக்குத்தானே பிடி? லாச்சிக்குப் பிடி முன்னுக்கு மட்டும்தான்" என்றார் அவர். மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை.

இடைவெளி இருந்தால் லாச்சி சுலபமாக ஓடும் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை. இறுக்கமான லாச்சி முனகிக்கொண்டாவது வரும். தளர்ந்த லாச்சி கோணும். இடது பக்கம் கொஞ்சம் முந்தும், வலது பின்மூலை சட்டத்தில் குத்தும், பிறகு முன்னுக்கும் வராது, பின்னுக்கும் போகாது. மெல்லத் தட்டி, தூக்கி, நேராக்கித்தான் எடுக்க வேண்டும். ஆறுதலான நேரத்தில் அது ஒரு பெரிய காரியமில்லை. பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கரியருக்குப் பொருந்துகிறது, அது போதும்.

பிறகு ஒருநாள், பள்ளிக்கூடம் இல்லாத நாள், காலமை பத்து மணியிருக்கும், குண்டு போடுகிற பொம்மர் வந்தது. நீ அறிவாய் அந்தச் சத்தத்தை. முதலில் காதுக்கு வராமல் நெஞ்சுக்கு வரும். மாமி அடுப்பில் இருந்ததை இறக்கிவிட்டுப் பங்கருக்குள் இறங்கிவிட்டார். நான் கொட்டிலுக்கு ஓடினேன். திட்டம் போட்டபடி முன்பிடியைப் பிடித்து ஒரே இழுவை. லாச்சி பாதி வந்து கோணி நின்றது. இன்னும் இழுத்தேன். இன்னும் இறுகியது. தட்டி நேராக்க வேண்டும் என்று தெரியும். கை கேட்டால்தானே. பொம்மர் ஒருமுறை சுற்றிவிட்டுத் திரும்பி வருகிற சத்தம். நான் ஒரு காலை மேசைக் காலில் உதைத்துக்கொண்டு இழுக்கிறேன். "மச்சாள்! என்ன செய்யிறீர்?" என்று மாமி பங்கருக்குள்ளிருந்து கூப்பிடுகிறார். "வாறன், வாறன்" என்கிறேன், வரவில்லை. அவர் பங்கரை விட்டு ஏறி, திறந்த முற்றத்தில் ஓடிவந்து, என் கையைப் பிடித்து இழுத்தார். அந்த நேரம் லாச்சியும் கழன்றது. நான் லாச்சியோடு பின்னால் விழ, மாமி வாசல் கல்லில் முழங்கால் அடிபட விழுந்தார். அப்படியே தவழ்ந்து போய்ப் பங்கருக்குள் இறங்கினோம். குண்டு எங்கேயோ வடக்குப் பக்கம் விழுந்தது. தலைக்கு மேலே பனங்குற்றி இடுக்கிலிருந்து மண் கொட்டியது.

லாச்சி என் மடியில் இருந்தது. ஒரு சுருளும் சிந்தவில்லை. மாமியின் முழங்காலிலிருந்து இரத்தம் வடிந்து சேலையை நனைத்தது. நான் என் சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்தேன். அவர் தலையைக் குனிந்து லாச்சியைப் பார்த்தார்.

"மடியிலை கிடக்கிறது பிள்ளையோ?" என்றார்.

நான் தலைப்பின் காய்ந்த பக்கத்தைத் திருப்பி அழுத்தினேன்.

"மச்சாள், ஒண்டு சொல்லுறன், கோவிக்காதையும். நீர் போனால் நானும் வருவன். நீர் இருந்தால் நானும் இருப்பன். எனக்கு ரெண்டும் ஒண்டுதான். ஆனால் போறதுக்கும் இருக்கிறதுக்கும் நடுவிலை என்னை வைச்சு ஆட்டாதையும். தம்பி போன நாள்தொடக்கம் நான் ஒரு மிளகாய்க் கண்டு கூட நடேல்லை. காய்க்கேக்கை நிப்பமோ எண்டு தெரியாமல் எப்பிடி நடுறது?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. முழங்காலை ஊதிக்கொண்டு, ஏதோ கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்பது போலச் சொன்னார். நீ போன நாளிலிருந்து அவர் மிளகாய்க் கன்று நடவில்லை என்பதை, ஒரே முற்றத்தைக் கூட்டுகிற நான் காணவில்லை.

உன் மாமிக்குப் பிள்ளை குட்டி இல்லை. தமையனின் வீடு, தமையன் போன பிறகு நான். நீ எழுதுகிறபோது "நீங்களும் மாமியும்" என்று ஒரே மூச்சில் எழுதுகிறாய், நல்ல பழக்கம், அதை விட்டுவிடாதே. ஆனால் ஒரு ஆளுடைய வாழ்க்கை உன் வாழ்க்கையோடு கட்டியிருக்கும்போது, நீ முடிவெடுக்காமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான் கழிகிறது. நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவளை மிளகாய்க் கன்று நடவிடு.

முழங்கால் ஆறிக்கொண்டிருந்த நாட்களில் நான் லாச்சியைத் திருத்த நினைத்தேன். இரண்டு பக்கத்துக்கும் ஒரு விரல் தடிப்பில் நேரான, கடினமான சட்டம் வேண்டும். மாமரம் வளையும், றீப்பை பிளக்கும். வீட்டில் நேரான மரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, உன் மேசை. அதாவது தெல்லிப்பழைக் கதவு. இரண்டு பீப்பாவின் மேல் அதைக் கிடத்திவிட்டு நீ அதில்தான் சோதனைக்குப் படித்தாய். நீ போன பிறகும் நான் அதன் மேல் ஒன்றும் வைக்காமல் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். பலாமரம், பழையது, மஞ்சள் நிறம் மாறிச் சிவந்துவிட்டது. மழைக்கும் வெயிலுக்கும் அசையாத மரம்.

வாளை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றபோது மாமி நொண்டிக்கொண்டு வந்து நின்றார்.

"உதை அறுக்கப் போறீரோ?"

"ஒரு ஓரம் மட்டும்."

"பேந்து அங்கை திரும்பிப் போனால் நிலைக்கு அடங்காதே."

"என்ரை சீதன வீட்டுக் கதவுதானே மச்சாள். கேக்க ஆர் இருக்கினம்?"

"கேக்கேல்லை. சொன்னனான்" என்றுவிட்டு, கதவின் மற்ற நுனியை அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பிணைச்சல் பூட்டியிருந்த பக்கத்தை அறுத்தேன். கை வலித்தது, இடையில் இரண்டு தரம் நிறுத்தினேன், ஆனால் எழும்பிக் கிணற்றடிக்குப் போகவில்லை. ஒரு விரல் அகலத்தில் நீளச் சட்டம் ஒன்று கழன்று விழுந்தது. அதை லாச்சியின் ஆழத்துக்கு வெட்ட, இரண்டு பக்கத்துக்கும் போதுமாக இருந்தது. உன் மேசையில் ஒரு விரல்தான் குறைந்தது. மேசையாக இருக்க அது பெரிய குறையில்லை. கதவாக இனி அது அந்த வீட்டில் தொங்காது. இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம். பிறகொரு காலம் நீ வந்து பிடித்துப் பார்த்து, "இது ஏன் கட்டையாப் போச்சு?" என்று கேட்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சட்டத்தை எங்கே அடிப்பது என்று யோசித்தபோது, ஒரு நல்ல யோசனை வந்தது. மேசைக் காலின் உட்பக்கம் அடித்தால், மேசையின் இடம் ஒடுங்கும், லாச்சி பழைய அளவிலேயே இருக்கும். மேசையிலும் நேராக ஓடும், கரியரிலும் உட்காரும். இரண்டுக்கும் பொருந்தும். பனங்காலில் ஆணி இறங்காது, ஆனால் துளை போட்டுப் பூட்டலாம். கைத்துளைப்பானை எடுத்துவிட்டேன். அதைப் பனங்காலில் வைத்து அரைச் சுற்றுச் சுற்றினேன். மாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முழங்கால் கட்டை அவிழ்த்து, துணியை மற்றப் பக்கம் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் துளைப்பானைக் கீழே வைத்தேன்.

லாச்சியின் இரண்டு பக்கத்திலும் பலாச் சட்டத்தை வைத்து, மாமி நிமிர்த்திய ஆணிகளால் அடித்தேன். அது இனிக் கரியரில் உட்காராது. அடுத்த முறை பொம்மர் வந்தால் நான் வெறுங்கையோடு ஓடுவேன். சாமான் போனால் போகட்டும், செத்த மிசின்கள் இன்னும் இருக்கின்றன. ஊரை விட்டே போக வேண்டி வந்தால், அப்போதும் அப்படித்தான். அப்படி ஒரு நாள் வராது என்று நான் உனக்கு உறுதி சொல்லவில்லை. வருகிற மாதிரித்தான் எல்லாரும் கதைக்கிறார்கள். ஆனால் அந்த நாளுக்காக அளவெடுத்துக்கொண்டு மற்ற நாட்களில் இனி இருக்க மாட்டேன்.

சட்டம் வழுக்குவதற்கு ஏதாவது பூச வேண்டும். குளிக்கிற சவர்க்காரத் துண்டை எடுத்து உரஞ்சினேன்.

"ஐயோ, உடம்புக்கே இல்லாத சவர்க்காரம்" என்றார் மாமி.

"கொஞ்சம்தான்."

"கொஞ்சமோ? அது குளிச்சு முழுகிக் கோயிலுக்குப் போகப்போகுது போலை."

பிறகு தள்ளிப் பார்த்தோம். மாமி ஒரு விரலால் தள்ள உள்ளே போயிற்று. ஒரு விரலால் இழுக்க வந்தது. அவர் சின்னப்பிள்ளை மாதிரி இன்னொரு தரம் தள்ளி, இன்னொரு தரம் இழுத்தார். பிணைச்சல் ஆணி இருந்த துளைகள் லாச்சியின் பக்கத்தில், இழுக்கும்போது ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. பின்பிடியைக் கழற்றிவிட்டேன். நல்லையா அண்ணை இனிப் பாடை என்று சொல்ல முடியாது.

அவர் நேற்றுப் பின்னேரம் வந்தார். மிசின் சைக்கிளில் கட்டியிருந்தது. வழக்கம் போலக் கட்டை அவிழ்க்காமலே, "முகம் கழுவக் கொண்டு வந்திருக்கிறன்" என்றார்.

"இறக்கி வையுங்கோ அண்ணை."

"துடைக்கிறதுக்கு இறக்கவேணுமே?"

"வயித்தைத் திறக்கப்போறன். விட்டிட்டுப் போங்கோ. வளையம் ஒண்டு பழைய மிசினிலை இருக்கு, அராவிப் போட நாள் செல்லும். அதுமட்டும் நீங்கள் துலாவிலை இறைக்கிறதெண்டு சொன்னனீங்கள்."

அவர் கட்டை அவிழ்த்தார். இறக்கி வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டினார். "அப்ப நிக்கிறியள்" என்றார். கேள்வி மாதிரி இல்லை.

"ஓம்" என்றேன்.

நீ கேட்ட பதிலை முதலில் அவருக்குச் சொல்லிவிட்டேன், கோவிக்காதே. இவ்வளவு நாளும் வாயில் வராதது, மிசின் புகை மணக்கிற மனிதருக்கு முன்னால் வந்துவிட்டது. நான் கொழும்புக்கு வரவில்லை தம்பி. நீ போன பிறகு அந்த அறையில் நானும் மாமியும் கட்டிலில் இருந்துகொண்டு உன் ரெலிபோனுக்காகக் காத்திருப்பதை யோசித்துப் பார்த்தேன். அங்கே பயம் வேறு மாதிரி, அவ்வளவுதான். இங்கே பயத்துக்கு இடையில் செய்ய வேலை இருக்கிறது. உன்னைப் பார்க்காமல் அனுப்புகிறேனே என்று எனக்கு நெஞ்சு அடிக்காமல் இல்லை. இதை எழுதுகிற இப்போதும் அடிக்கிறது. ஆனால் அடித்துக்கொண்டே கை எழுதுகிறது, அது முன்னேற்றம்.

நீ போ. தயங்காதே. எங்களுக்காக நீ அரைவாசி போய் அரைவாசி நிற்காதே. ஒன்று மட்டும் செய். போகிற இடத்தில் முதல் சம்பளத்தில் ஒரு கட்டில் வாங்கு. பாயில் படுத்துச் சமாளிக்கலாம் என்று சொல்லாதே. ஒரு நல்ல சோற்றுப் பானை வாங்கு, தூக்கிக்கொண்டு ஓட முடியாத பாரமானதாகப் பார்த்து வாங்கு. பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதல்லவா? இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் எழும்பிப் போய்ச் சூட்கேசைத் திற. அடியில் மாமி மடித்து வைத்த நீலச் சேட் கிடக்கும். அதை எடுத்து ஆணியில் கொழுவு.

மாமி முற்றத்தில் நாற்றுமேடைக்கு மண் கொத்துகிறார், முழங்காலை மடிக்க முடியாமல் நின்றபடியே. நல்லையா அண்ணையின் மிசின் முழுதாகப் பிரிந்துவிட்டது. லாச்சிக்குள் வால்வுகள் ஒரு தடுப்பில், சுருள்கள் ஒரு தடுப்பில், ஆணிகள் கழற்றிய ஒழுங்கில் ஒரு தடுப்பில். எது எங்கே போகும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதைப் பூட்டி முடிக்கும் வரை அவருடைய புகையிலை என் கையில் இருக்கிறது. முடிந்ததும் அடுத்த மிசின் வரும், அதையும் வாங்கி வைப்பேன்.

லாச்சியை மூடிவிட்டு இதை மடிக்கிறேன்.

அம்மா